1971 மிக்-21 மாடல்ல பேனல் லைனை கருப்பாக்கணுமா வேண்டாமா?

ஏற்காடு_காப்பிக்காடு

எல்லாருக்கும் வணக்கம். போன மாசம் நான் செஞ்ச மிக்-21 எஃப்எல் போர் விமான மாடலோட போட்டோ போட்டேன், 1/72 சைஸ், 1971 பாகிஸ்தான் போர்ல டிசம்பர் 14 அன்னிக்கு டாக்கா கவர்னர் மாளிகை மேல ராக்கெட் அடிச்ச நம்ம ஏர்ஃபோர்ஸ் 28-ஆவது ஸ்குவாட்ரன் விமானத்தை மனசுல வச்சு செஞ்சது. பாத்தவங்க நிறைய பேர் ஒரே கேள்விதான் கேட்டீங்க, "பேனல் லைனே தெரியலையே, வாஷ் அடிக்க மறந்துட்டீங்களா?" பேனல் லைன்னா தகடும் தகடும் சேர்ற கோடு, வாஷ்னா அந்தக் கோட்டுக்குள்ள ஓட விடற தண்ணியான பெயிண்ட். மறக்கலைங்க. யோசிச்சு முடிவு பண்ணித்தான் விட்டேன். அதுக்கு காரணத்தை இங்க எழுதறேன், ஒத்துக்காதவங்க தாராளமா வாங்க.

கணக்கு இதுதான். நிஜ விமானத்துல ரெண்டு தகடு சேர்ற இடத்துல இடைவெளி ஒரு மில்லிமீட்டர்னு வச்சுக்குங்க. அதை 72-ஆல வகுத்தா 0.014 மில்லிமீட்டர், தலைமுடியை விட மெல்லிசு. கிட்ல, அதாவது கடைல வாங்கி ஒட்டற பிளாஸ்டிக் பாகத்துல, அச்சு போட்டு வர்ற கோடு எவ்வளவு அகலம்? சுமார் 0.1 மில்லிமீட்டர். நிஜ சைஸுக்கு பெருக்கினா 7.2 மில்லிமீட்டர். அந்த அளவு சந்து இருந்தா அது விமானமா, மூங்கில் தட்டியா? அந்தச் சந்துல நாம கருப்பு மையை வேற ஊத்தறோம். இறக்கை நுனிக்கு நுனி நிஜத்துல 7.15 மீட்டர், மாடல்ல 10 சென்டிமீட்டர் கூட முழுசா இல்ல, உள்ளங்கைல அடங்கிடும். அதுல முப்பது நாப்பது கருப்புக் கோடு போட்டா கட்டம் போட்ட லுங்கி மாதிரி ஆயிடுது.

இன்னொன்னு, கலரோட ஆழம். அஸ்தம்பட்டி ரவுண்டானால நின்னு சேர்வராயன் மலையைப் பாருங்க, நீலமாத்தான் தெரியும். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி எங்க வீட்டுக்கு வந்தா அதே மலை கரும்பச்சை. நடுவுல இருக்கிற காத்து கலரை வெளுக்க வைக்குது. மாடலை ஒரு அடி தள்ளி வச்சுப் பாக்கறோம்னா அது நிஜ விமானத்தை 72 அடி தள்ளி நின்னு பாக்கற மாதிரி. அதனால பச்சையில கொஞ்சம் வெளிர் சாம்பல் கலந்து அடிச்சேன், கோட்டை எதையும் கருப்பாக்கல. 72 அடில இருந்து யாரும் தகட்டு இடுக்கை எண்ண முடியாது.

இந்த விமானம் போருக்கு முன்னாடி வெள்ளி நிறத்துல பளபளன்னு இருந்தது, போர் வர்ற நேரத்துல பல ஸ்குவாட்ரன்ல அவசர அவசரமா மேல பச்சை பூசினாங்க. அதனால பெயிண்டை காத்துல பீச்சற ஏர்பிரஷ் வேண்டாம்னு வச்சுட்டு நானும் கையால பிரஷ்ல பூசினேன். பிரஷ் தடம் தெரியுது. தெரியணும்.

அம்மாபேட்டை_தறி

நான் ஒத்துக்கல சார். கணக்கு சரி, முடிவு தப்பு.

எங்க ஊர்ப்பக்கம் தெருக்கூத்து பாத்திருப்பீங்க. துரியோதனன் வேஷம் கட்டறவர் மூஞ்சிக்கு எவ்வளவு அரிதாரம் பூசறார், புருவத்தை எவ்வளவு தடிமனா இழுக்கறார், கண்ணுக்குக் கீழ செவப்பு எவ்வளவு? ஒப்பனைக் கொட்டகைல பக்கத்துல உக்காந்து பாத்தா பயமா இருக்கும், மனுஷ மூஞ்சி மாதிரியே இருக்காது. ஆனா ராத்திரி பன்னெண்டு மணிக்கு கடைசி வரிசைல பாய் விரிச்சு உக்காந்திருக்கிற கிழவிக்கு அந்த மூஞ்சில வர்ற கோபம் தெரியணும்னா அவ்வளவும் வேணும். மாடலும் அதுதான். நிஜ விமானம் வெயில்ல நிக்குது, சூரியன் மேல இருந்து அடிக்குது, ஒவ்வொரு தகடும் லேசா வேற வேற கோணத்துல வளைஞ்சு நிழல் விழுது. உங்க மாடல் எங்க நிக்குது? ஷோகேஸ்ல, டியூப்லைட்டுக்குக் கீழ. பத்து சென்டிமீட்டர் பொருள்ல அந்த நிழல் தானா விழாது. வெளிச்சத்தை 72-ஆல வகுக்க முடியாது சார். அந்த நிழலைத்தான் நாங்க பெயிண்ட்ல போடறோம்.

நீங்க போட்ட போட்டோவை என் பொண்ணுகிட்ட காட்டினேன். "அப்பா இது பிளாஸ்டிக் பொம்மையா"ன்னு கேட்டா. உங்க வேலை எவ்வளவு சுத்தம்னு எனக்குத் தெரியும், கேனபி, அதான் பைலட் தலைக்கு மேல இருக்கிற கண்ணாடி மூடி, அதோட ஓரம் மாஸ்க் பண்ணின நேர்த்தியைப் பாத்து நான் ஜூம் பண்ணி ஜூம் பண்ணி பாத்தேன். ஆனா அவ கண்ணுக்கு அது விமானமா படல. அது எனக்கு வருத்தம்.

குகை_ராக்கெட்

நான் ப்ரீ-ஷேடிங் கட்சி. ப்ரைமருக்கு (முதல் பூச்சுக்கு) மேல கோட்டோரம் எல்லாம் கருப்பு அடிச்சுட்டு, மேல கலரை மெல்லிசா அடிச்சா உள்ள இருந்து நிழல் மாதிரி தெரியும் பாருங்க, அதுக்கு ஈடே இல்ல. ஸ்பெயின்காரங்க அந்த ஸ்டைல்ல செய்யற மாடல் எல்லாம் பாருங்க ப்ரோ, வேற லெவல்.

சங்ககிரி_பெயிண்டர்

வணக்கமுங்க. நான் மாடல் செய்ய ஆரம்பிச்சு மூணு வருஷம்தான் ஆச்சு, ஆனா லாரிக்கு பெயிண்ட் அடிக்கறது 22 வருஷமா. சங்ககிரில பட்டறை. ரெண்டு பேரும் பேசறதைப் படிச்சேன், ரெண்டு பேருமே ஒரு விஷயத்தை விட்டுட்டீங்கன்னு தோணுதுங்க.

கோடு தெரியணுமா வேண்டாமாங்கறது அப்புறம். எந்தக் கோடு, என்ன கலர்ல? அதைக் கேளுங்க.

எங்க பட்டறைக்கு வர்ற லாரி எல்லாம் அழுக்காத்தான் வரும், ஆனா ஒரே அழுக்கு இல்லைங்க. சேலம் மேக்னசைட் சுரங்கத்துப் பக்கம் லோடு அடிக்கற வண்டி வந்தா கதவு இடுக்கு, போல்ட் தலை, பானெட் ஓரம் எல்லாம் வெள்ளையா இருக்கும், சுண்ணாம்பு பூசினாப்ல. அந்தக் காலத்துல ஏற்காட்டு மலைல இருந்து மேட்டூருக்கு பாக்சைட் இறக்கின வண்டிக செக்கச்செவேல்னு வரும்னு எங்க மேஸ்திரி சொல்லுவாரு. நெல்லு ஏத்தற வண்டில தவிடு நிறம். கருப்பா இருக்கற இடம் எதுன்னா கிரீஸும் ஆயிலும் வர்ற இடம் மட்டும்தான், சென்டர் போல்ட், ஆக்சில், டீசல் டேங்க் மூடி. அப்ப உங்க கோட்டுக்கு என்ன கலர்னு அந்த விமானம் நின்ன மண்ணைக் கேக்கணும். எல்லா விமானத்துக்கும் ஒரே கருப்புன்னா அது எந்த ஊர்ல நின்னுச்சு?

அடுத்தது தேய்மானம். பெயிண்ட் எங்க போகும்? கை படற இடம், கால் படற இடம், ஸ்பேனர் படற இடம். டிரைவர் ஏறற படி, கைப்பிடிக்குக் கீழ நகம் உரசற இடம், கிளீனர் பிடிச்சுத் தொங்கற கம்பி. லாரிக்கு நடுவுல இருக்கற தகட்டுல பத்து வருஷம் ஆனாலும் பெயிண்ட் அப்படியே இருக்கும், வெளுக்கும், உரியாது. மாடல்காரங்க போட்டோ பாத்தா எல்லா ஓரத்துலயும் ஒரே அளவு உரிஞ்சிருக்கு. யாரு போயி எல்லா ஓரத்தையும் உரசினதுங்க?

அப்புறம் ஏற்காட்டு சாரு, பிரஷ்ல பூசினது நல்ல யோசனை, மனசார சொல்றேன். ஆனா தடம் எல்லாம் ஒரே திசைல போகுது. அவசரத்துல நாலு பேர் நாலு பக்கம் நின்னு பூசினா அப்படி வராது. ஏணி எங்க வச்சாங்களோ அங்க கை எட்டின வரைக்கும் அரை வட்டமா போகும், எட்டாத எடத்துல இன்னொருத்தன் தடம் வந்து முட்டும், முட்டற எடத்துல ரெட்டைப் பூச்சா கருத்து நிக்கும்.

ஏற்காடு_காப்பிக்காடு

சங்ககிரி அண்ணா, அந்த அரை வட்டம் மேட்டர் எனக்குத் தோணவே இல்ல, நன்றி. நான் மூக்குல இருந்து வால் வரைக்கும் ஒரே இழுப்பா இழுத்துட்டேன், 20 சென்டிமீட்டர் பொம்மையை கைல பிடிச்சிட்டு பூசறவன் அப்படித்தான் பூசுவான், 14 மீட்டர் விமானத்துக்குப் பக்கத்துல நிக்கறவன் அப்படி பூச முடியாது. அதைத் திருத்தறேன்.

ஆனா தறி சார் சொன்ன கூத்து உதாரணத்தை நான் ஏத்துக்கல. //கடைசி வரிசைல பாய் விரிச்சு உக்காந்திருக்கிற கிழவிக்கு// அது தூரத்துக்காக போட்ட வேஷம். மாடலை நாம ஒரு அடில வச்சுப் பாக்கறோம், கைல எடுத்து மூக்குக்கிட்ட கொண்டு போறோம். ஒப்பனைக் கொட்டகைக்குள்ள உக்காந்து பாக்கறதுதான் மாடல் பாக்கறது. நீங்களே சொல்லிட்டீங்க, அங்க இருந்து பாத்தா மனுஷ மூஞ்சி மாதிரியே இருக்காதுன்னு.

அம்மாபேட்டை_தறி

சார் நீங்க ரெண்டு கணக்கு வச்சிருக்கீங்க. முதல் பதிவுல ஒரு அடின்னா 72 அடி தூரம்னு சொல்லி கலரை வெளுக்க வச்சீங்க. இப்ப ஒரு அடின்னா ஒரு அடிதான், மூக்குக்கிட்டங்கறீங்க. எது? 72 அடின்னா அது கூத்துக் களத்துல கடைசி வரிசை, என் உதாரணம் நிக்கும். ஒரு அடின்னா நீங்க பச்சையில சாம்பல் கலந்ததுக்கு நியாயம் இல்ல.

ஸ்கேல் ஸ்கேல்னு சொல்றவங்க கிட்ட எனக்கு இன்னொரு கேள்வி. இறக்கையோட பின் ஓரம் கிட்ல அரை மில்லிமீட்டர் தடிமன், நிஜத்துல 36 மில்லிமீட்டர் பலகை. அதை உப்புத்தாள் போட்டு தேச்சீங்களா? ஸ்டென்சில் டீகால்ல (தண்ணில நனைச்சு ஒட்டற ஸ்டிக்கர்ல) இருக்கிற குட்டி எழுத்து எல்லாம் ஒட்டியிருக்கீங்களே, 72 அடில இருந்து அதை யாரு படிப்பா? அதை ஒட்டலாம், கோட்டை மட்டும் போடக்கூடாதா?

ஏற்காடு_காப்பிக்காடு

பின் ஓரத்தை தேச்சேன் சார். 400-ல ஆரம்பிச்சு 1000 வரைக்கும், உள்பக்கமா, ரெண்டு பாதியையும் ஒட்டறதுக்கு முன்னாடியே. இப்ப பேப்பர் மாதிரி இருக்கு, போட்டோல தெரியலைன்னா அடுத்த தடவை பக்கவாட்டுல எடுத்துப் போடறேன்.

72 அடி கேள்வி நியாயமான கேள்வி. யோசிக்கிறேன். ஸ்டென்சில் கேள்விக்கு என்கிட்ட இப்ப பதில் இல்ல.

அஸ்தம்பட்டி_கிரவுண்ட்க்ரூ

நான் இந்தக் குழுவுல படிக்கிறதோட சரி, எழுதினது இல்ல. இதுக்கு எழுதாம இருக்க முடியல. ஏர்ஃபோர்ஸ்ல கிரவுண்ட் க்ரூவா இருந்து ரிட்டையர் ஆனவன் நான். மிக்-21ல எம் டைப், பிஸ்னு ரெண்டு ரகத்துலயும் கை வச்சிருக்கேன். 71 போருக்கு நான் இல்ல, அப்ப மரவனேரில ஸ்கூல் பையன், ரேடியோல நியூஸ் கேட்டவன். 2013 டிசம்பர்ல கலைகுண்டால எஃப்எல் ஓய்வு ஆச்சு, 2025 செப்டம்பர் 26 சண்டிகர்ல மிச்சம் இருந்ததும் போயிடுச்சு. அன்னிக்கு டிவி முன்னாடி உக்காந்து அழுதேன், வீட்டுல யாருக்கும் புரியல. அந்த விமானத்தைப் பத்தி தம்பிங்க இவ்வளவு அக்கறையா சண்டை போடறதைப் பாத்ததும் மனசு நிறைஞ்சு போச்சு.

நான் பாத்ததை சொல்றேன், எப்படி பெயிண்ட் அடிக்கறதுன்னு நீங்க முடிவு பண்ணிக்குங்க.

மிக்-21ல ஒரு கோடு இருக்கு, நிஜத்துலயே நல்லா தெரியும். இறக்கைக்குப் பின்னாடி உடம்பை சுத்தி வர்ற இணைப்பு. இன்ஜின் மாத்தணும்னா அங்க போல்ட்டை கழட்டி வால் பகுதி முழுசையும் ட்ராலில வச்சு பின்னாடி இழுப்போம். கழட்டி கழட்டி மாட்டின இடம், பெயிண்ட் ஒழுங்கா நிக்காது, தூரத்துல இருந்தே தெரியும். அதை ஆழமா காட்டுங்க, தப்பே இல்ல. அதே மாதிரி தினம் திறக்கிற மூடிகள், எரிபொருள் ஊத்தற இடம், சர்வீஸ் பண்ற சின்னச் சின்ன கதவு, அங்க ஸ்க்ரூ தலைல பெயிண்ட் இருக்காது, ஸ்க்ரூ டிரைவர் வழுக்கின கீறல் இருக்கும். மத்த தகட்டு இணைப்பு பக்கத்துல போய் பாத்தா மட்டும்தான் தெரியும். மூக்கு கூம்புல கோடே கிடையாது, அது ஒரே துண்டு, உள்ள ரேடார்.

அழுக்கு எங்கேன்னா வயித்துல. எல்லாரும் மேல்பக்கத்தை அழுக்காக்கி போட்டோ எடுக்கறாங்க. ஆயில், ஹைட்ராலிக் திரவம், கெரசின் எல்லாம் கீழதான் இறங்கும். பறக்கும்போது ஒழுகினது பின்னாடி பக்கம் நீளமா இழுக்கும், நிக்கும்போது ஒழுகினது நேரா கீழ சொட்டும். ரெண்டு தடமும் ஒண்ணு மேல ஒண்ணு இருக்கும். மேல்பக்கம் நாங்க கழுவிடுவோம் தம்பி. விமானத்தை அழுக்கா விட்டா யாரும் சும்மா விட மாட்டாங்க. இறக்கை மேல ஏறணும்னா மேட் போட்டு ஏறுவோம். அதனால அந்த "போர்ல அடிபட்ட மாதிரி" மாடல் எல்லாம் பாக்கறப்போ எனக்கு கொஞ்சம் கஷ்டமா இருக்கும், நாங்க அப்படி வச்சிருக்கல.

சங்ககிரி_பெயிண்டர்

அய்யா, கை எடுத்துக் கும்பிடறேனுங்க. இதைத்தான் கேக்கணும்னு நெனச்சேன். போல்ட் கழட்டற எடம்.

செவ்வாப்பேட்டை_கொலுசு

பச்சையைப் பத்தியே பேசறீங்க, கீழ இருக்கிற வெள்ளியை யாரும் பேசலையே. நான் வெள்ளிப் பட்டறைக்காரன், எங்க வீட்டுல மூணு தலைமுறையா கொலுசு. அதனால இது எனக்கு உறுத்துது.

இந்த விமானத்துல மேல பச்சை, அடில வெள்ளி. அதுவும் அவசரப் பச்சை, உரியற இடத்துல வெள்ளி தெரியும். காப்பிக்காடு ப்ரோ பச்சையை அடிச்சுட்டு உரிஞ்ச இடத்துல சில்வர் பெயிண்டை புள்ளி வச்சிருக்காரு. அது உரிஞ்ச மாதிரி இல்ல, ஒட்டின மாதிரி இருக்கு. நிஜத்துல வெள்ளி கீழ, பச்சை மேல. மாடல்லயும் அப்படியே செய்யணும். முதல்ல முழு விமானத்துக்கும் மெட்டல் ஃபினிஷ் கொடுத்து, அது காஞ்சதும் கிளியர் கோட் (நிறமில்லாத பூச்சு), அதுக்கு மேல ஹேர்ஸ்ப்ரே ஒரு கோட், அதுக்கு மேல அக்ரிலிக் பச்சை. பச்சை முழுசா இறுகறதுக்கு முன்னாடி தண்ணியை தொட்டு தேஞ்சு போன பல் பிரஷ்ல மெதுவா தட்டினா பச்சை செதில் செதிலா தானா உரியும், உள்ள வெள்ளி வரும். எங்க உரியும்னு ஓரளவுக்கு நீங்க சொல்லலாம், எப்படி உரியும்னு அதுவே முடிவு பண்ணும்.

வெள்ளின்னதும் ஒண்ணு சொல்லணும். மெட்டல் பெயிண்ட் எதையும் மறைக்காது, எல்லாத்தையும் காட்டிக் கொடுக்கும். கொலுசுல பாலிஷ் போடறதுக்கு முன்னாடி அரம் உரசின கோடு ஒண்ணு இருந்தா பாலிஷ் போட்டப்புறம் அது பத்து மடங்கா தெரியும். பட்டி வச்சு தேச்ச இடத்துல 400 பேப்பர் கீறல் இருந்தா அப்படியே நிக்கும். 2000 வரைக்கும் போயே ஆகணும், அப்புறம் பளபளப்பான கருப்பு பேஸ், அதுக்கு மேல மெட்டல் கலர், மெல்லிசா, காத்து மாதிரி. தகட்டுக்குத் தகடு ஷேடு மாறணும், ஒரு தகட்டை மாஸ்க் பண்ணி துளி கருப்பு கலந்து அடிச்சா போதும். பின்னாடி இன்ஜின் சூடு வாங்கற இடத்துல லேசா வைக்கோல் நிறம், அதுக்கப்புறம் நீலம் ஓடணும். வெள்ளியை நெருப்புல காட்டினவனுக்கு தெரியும், உலோகம் சூட்டுல ஒரே கலரா இருக்காது. இப்படி தகட்டுக்குத் தகடு ஷேடு மாறினா கோடு போடாமலே கோடு தெரியும். உங்க ரெண்டு பேர் சண்டைக்கு அடிப்பக்கத்துல வேலையே இல்ல.

குகை_ராக்கெட்

அண்ணா ஒரு டவுட், டாபிக் மாத்தறதுக்கு மன்னிக்கணும். மெட்டல் கலர் அடிச்சா எனக்கு மேற்பரப்பு சொரசொரன்னு மணல் மாதிரி வருது. போன ஏப்ரல்ல அடிச்சேன், மொட்டை மாடில, ஏர்பிரஷ்ல 0.3 மில்லிமீட்டர் நாசில், பிரஷர் 25 பிஎஸ்ஐல. ஊசி முனைல பெயிண்ட் காஞ்சு காஞ்சு அடைக்குது.

செவ்வாப்பேட்டை_கொலுசு

ஏப்ரல்ல சேலத்து மொட்டை மாடில மதியம் அடிச்சா பெயிண்ட் துளி பிளாஸ்டிக்கைத் தொடறதுக்கு முன்னாடியே வழியில காஞ்சிடும், காஞ்ச தூள்தான் போய் ஒட்டுது. காலைல ஆறு மணிக்கு அடி, பிரஷரை 15க்கு இறக்கு, பக்கத்துல பிடி, தின்னர் கொஞ்சம் தாராளமா, பெயிண்ட் சீக்கிரம் காயாம இருக்க ரெண்டு சொட்டு ரிட்டார்டர். முனையை அப்பப்ப தின்னர் நனைச்ச பட்ஸால தொடை.

ஏற்காடு_காப்பிக்காடு

எங்களுக்கு இங்க நேர் எதிர்க் கஷ்டம் தம்பி. 1500 மீட்டர் உயரம், மழைக்காலத்துல ஜன்னலைத் திறந்தா மூடுபனி ரூமுக்குள்ள வந்து உக்காரும். போன ஐப்பசில இதே மிக்-21க்கு லேக்கர் கிளியர் கோட் அடிச்சேன். அடிச்சு ஒரு நிமிஷம்தான், இடது இறக்கை மேல பால் ஊத்தின மாதிரி வெள்ளையா படிஞ்சிடுச்சு. ரெண்டு மாச வேலை. விளக்கைப் பக்கத்துல கொண்டு வந்து பாக்கறேன், மூவர்ண வட்டக் குறி தெரியல, பச்சை தெரியல, வெறும் பனி. கை நடுங்கிப் போச்சு. லேக்கர்ல இருக்கிற கரைப்பான் வேகமா ஆவியாகறப்ப மேற்பரப்பு சில்லுனு ஆகுது, காத்துல இருக்கிற ஈரம் அங்க வந்து படிஞ்சு பெயிண்டுக்குள்ளயே மாட்டிக்குது. தொடைக்கக் கூடாதுன்னு மட்டும் தெரியும். ரெண்டு நாள் அப்படியே விட்டேன். மூணாம் நாள் மதியம் வெயில் வந்துச்சு, ரிட்டார்டர் கலந்த வெறும் தின்னரை தூரத்துல இருந்து லேசா பனித்துளி மாதிரி விட்டேன், வெள்ளை கரைஞ்சு கரைஞ்சு உள்ள இருந்து பச்சை திரும்ப வந்தது. அன்னில இருந்து காப்பிக்கொட்டை காயப்போடற நாளாப் பாத்துத்தான் நானும் பெயிண்ட் அடிக்கிறேன். கொட்டை காயாத நாள்ல கிளியர் கோட்டும் காயாது.

சரி, விஷயத்துக்கு வர்றேன். கிரவுண்ட் க்ரூ சார் எழுதினதை நாலு தடவை படிச்சேன். நான் தோத்தேன்னு சொல்ல மாட்டேன், ஏன்னா எல்லா கோட்டையும் கருப்பாக்கறது தப்புன்னு அவரும் சொல்றாரு. ஆனா எல்லா கோட்டையும் ஒண்ணுமில்லாம விட்டதும் தப்புதான். வால் இணைப்பை நான் மத்த கோடு மாதிரியே விட்டுட்டேன். அது தப்பு. வயித்தை சுத்தமா விட்டேன், அதுவும் தப்பு.

அம்மாபேட்டை_தறி

//எல்லா கோட்டையும் கருப்பாக்கறது தப்புன்னு அவரும் சொல்றாரு//

எல்லா கோட்டையும் ஒரே மாதிரி கருப்பாக்கறதுன்னு நான் எங்கயும் எழுதல. நான் அடிக்கிறது ஆயில் பெயிண்ட் வாஷ், பழுப்பும் சாம்பலும் கலந்து, கிளியர் கோட்டுக்கு மேல. மேட், அதாவது பளபளப்பு இல்லாத பரப்புல அடிச்சா கறை பிடிச்சு போகவே போகாது, அதனால முதல்ல பளபளப்பு கோட் கட்டாயம். காஞ்சதும் காத்து போற திசைல துணியால இழுத்து துடைச்சா கோட்டுக்குள்ள மட்டும் கொஞ்சம் நிக்கும். சங்ககிரி அண்ணா சொன்ன மண் கலர் விஷயத்தை நான் முழுசா எடுத்துக்கறேன், இனிமே கருப்பு டியூபை தொடவே மாட்டேன்.

ஆனா மத்த தகட்டு இணைப்பு தெரியவே வேண்டாம்ங்கறதை இன்னும் ஒத்துக்க மாட்டேன். சார் பக்கத்துல போனா தெரியும்னு சொன்னாரே, மாடல் பாக்கறவன் பக்கத்துலதானே போறான்? குனிஞ்சு பாக்கறவனுக்கு அங்க ஏதாவது கிடைக்கணும். எங்க பட்டுல, தூரத்துல பாத்தா அரக்கு நிறம், கைல எடுத்தா ஊடு நூல் வேற நிறம்னு தெரியும், அதைப் பாக்கத்தான் பொம்பளைங்க சேலையை வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பிடிக்கறாங்க. தூரத்துக்கு ஒண்ணு, பக்கத்துக்கு ஒண்ணு, ரெண்டும் ஒரே துணில. உங்க மிக்-21 தூரத்துக்கு நல்லா இருக்கு. பக்கத்துல வந்தவனுக்கு நீங்க ஒண்ணும் வைக்கல.

ஏற்காடு_காப்பிக்காடு

இதுக்கு உடனே பதில் எழுத வேண்டாம்னு ரெண்டு நாள் விட்டேன்.

பக்கத்துல வந்தவனுக்கு ராக்கெட் பாட் (ராக்கெட் வைக்கற குழாய்க் கூடு) இருக்கு சார். இறக்கைக்குக் கீழ ரெண்டு, ஒவ்வொண்ணுலயும் 16 குழாய். கிட்ல வாய் மூடி வழுவழுன்னு வந்துச்சு. ராக்கெட் 57 மில்லிமீட்டர், 72-ஆல வகுத்தா 0.79, என்கிட்ட இருந்த 0.8 டிரில் பிட் சரியா உக்காந்தது. பின்வைஸ்ங்கற குட்டி கை டிரில்ல கையால சுத்தி ஒவ்வொரு ஓட்டையா போட்டேன், முதல்ல ஊசில புள்ளி, அப்புறம் டிரில், மொத்தம் 32 ஓட்டை, ரெண்டு பிட் உடைஞ்சுது. ஒரு பாட்ல பதினாலாவது ஓட்டை பக்கத்து ஓட்டைக்குள்ள உடைஞ்சு போச்சு, அந்த பாட்டை தூக்கிப் போட்டுட்டு இன்னொரு கிட்ல இருந்து எடுத்து திரும்ப முதல்ல இருந்து போட்டேன். மூக்கு மேல நீட்டிட்டு இருக்கிற பிட்டோ குழாய் (விமான வேகத்தை அளக்கற குழாய்) இன்சுலின் ஊசி, அதை விட தடியான ஊசிக்குள்ள சொருகினது. அதனால ஒண்ணும் வைக்கலன்னு சொல்லாதீங்க. ஆனா பரப்புல ஒண்ணும் வைக்கலன்னு சொன்னா அது உண்மை.

அம்மாபேட்டை_தறி

அந்த 32 ஓட்டையை நான் பாக்கவே இல்ல சார். போட்டோ மேல இருந்து எடுத்திருக்கீங்க. ஒண்ணும் வைக்கலன்னு சொன்னதை திரும்ப வாங்கிக்கறேன். அடில இருந்து ஒரு போட்டோ போடுங்க, கெஞ்சிக் கேக்கறேன்.

அஸ்தம்பட்டி_கிரவுண்ட்க்ரூ

ராக்கெட் போன பாட்டுக்கு வாய் கருகி இருக்கும் தம்பி, போகாத பாட்டு சுத்தமா இருக்கும். நீங்க விமானம் கிளம்பறதுக்கு முன்னாடியா, திரும்பி வந்தப்புறமா, எதைக் காட்டறீங்கன்னு முதல்ல முடிவு பண்ணிக்குங்க. அதுதான் எல்லாத்தையும் முடிவு பண்ணும், வயித்துல எவ்வளவு ஆயில், டயர்ல எவ்வளவு தூசி, எல்லாம்.

ஏற்காடு_காப்பிக்காடு

திரும்பி வந்தப்புறம் சார். எனக்கு அது எப்பவும் திரும்பி வந்த விமானம்தான்.

செய்யப் போறதை சொல்லிடறேன். மேல்பக்கம் பச்சையை இடது இறக்கைல மட்டும் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டு எடுத்துட்டேன், கொலுசு ப்ரோ சொன்ன மாதிரி வெள்ளில இருந்து திரும்ப ஆரம்பிக்கிறேன், நேத்து 2000 பேப்பர் வரைக்கும் போயாச்சு. பச்சையை ஏணி வச்ச மாதிரி அரை வட்டமா ரெண்டு பேர் தடம் முட்டற மாதிரி பூசுவேன். வால் இணைப்புக்கும் தினம் திறக்கிற மூடிக்கும் வாஷ், மத்த கோட்டுக்கு பச்சையை விட ஒரு ஷேடு ஆழமான பச்சை மட்டும், பழுப்பு இல்ல. தறி சாருக்கு இது போதாதுன்னு தெரியும். வலது இறக்கையை இப்ப இருக்கிற மாதிரியே விடறேன், ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு அடில இருந்தும் சேத்து போட்டோ போடறேன், உங்க பொண்ணுகிட்ட காட்டுங்க சார், அவ என்ன சொல்றான்னு எனக்கு எழுதுங்க.

இன்னிக்கு காலைல இருந்து ஏற்காட்டு லேடீஸ் சீட் வியூ பாயிண்ட் பக்கம் ஒண்ணுமே தெரியல, வெறும் வெள்ளை. களத்துல கொட்டை விரிக்கல, தார்ப்பாய் போட்டு மூடி வச்சிருக்கு. வெயில் வந்ததும் கருப்பு பேஸ் அடிக்கிறேன்.